சிஞ்ஞோரா அடுப்பை அணைத்த நத்தார்

கிறிஸ்து பிறந்த நத்தார் நெருங்கினால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றது நான்தான், அது இல்லை. இத்தாலியின் பலெர்மோவில் வீட்டு வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கு, செல்வராசா அண்ணை என்றால் கேட்டவுடன் பக்கம் திறக்கும் சமையல் புத்தகம் என்று நினைப்பு. "அண்ணை, புறோடோவுக்கு இறைச்சி முதலோ தண்ணி முதலோ?" என்று பேருந்தில் நின்றுகொண்டு கேட்பார்கள். யூடியூப்பில் பார் என்று எரிந்து விழுவேன். பிறகு மனம் கேட்காமல் நானே அழைத்துச் சொல்லுவேன்.

முன்பு இப்படி யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கார அம்மாவே சமையலறை வாசலில் நின்று சொல்லிக் கொடுப்பார். பாதி சொல்லு, பாதி ஏச்சு. இப்போதைய வீட்டுக்காரிகளில் பலருக்கு அடுப்பை எப்படிப் பற்ற வைப்பதென்பதே மறந்துவிட்டது. நத்தார் விருந்தைக் கடையில் சொல்லி எடுக்கிறார்கள். மார்கழிக் குளிர் எலும்பில் ஏறியதும், "என்ரை அம்மா வைக்கிற மாதிரி ஒரு புறோடோ வையன்" என்று வேலைக்கு வந்த பிள்ளையிடம் கேட்கிறார்கள். வீட்டுக்காரியுடைய அம்மா எப்படி வைத்தார் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

இந்த முறை சுபா கேட்ட கேள்வி வேறு. பொலிதேயாமா பக்கத்தில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளை.

"அண்ணை, எங்கடை வீட்டுக்கார ஐயா, சிஞ்ஞோரே, நேற்றுச் செத்துப் போட்டார். நத்தாருக்குச் சமைக்கிறதோ விடுறதோ? ஒருத்தரும் ஒண்டும் சொல்லினமில்லை."

"அந்த வீட்டு அடுப்பிலை கை வையாதை. உன்ரை வீட்டிலை சமைச்சுக் கொண்டு போ" என்றேன்.

"ஏன் அண்ணை?"

தொலைபேசியில் சொல்லி முடிக்கிற கதை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வன்னியில் நான் லொறி ஓட்டியவன். தேநீர் போடுவதைத் தவிர அடுப்பில் எனக்கு வேலை இருந்ததில்லை. சண்டை முடிந்து, முகாமில் கிடந்து, கடன் வாங்கி, நானும் மனைவி யோகமும் இங்கே வந்து சேர்ந்தோம். எங்கள் ஒரே மகன் நிமலன் வரவில்லை. கடைசி நாட்களில், செல் குண்டு விழுந்த ஓர் இடத்தில், தண்ணீர் எடுத்துவரப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, செய்தியும் கிடைக்கவில்லை. யோகத்துக்கு அவன் இருக்கிறான். எங்கோ பிடித்து வைத்திருக்கிறார்கள், ஒரு நாள் விடுவார்கள் என்கிறாள். அவனுக்கு எட்டுச் செலவும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை, மாலை போட்ட படமும் இல்லை. அவன் செத்திருப்பான் என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் அந்த வீட்டுப் பக்கம் அவள் பிறகு போகமாட்டாள். எனக்கு என்ன நினைப்பு என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலே அருகே ஓர் உணவகத்தில் சட்டி கழுவினேன். மரக்கறி வெட்டினேன். பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி கைக்கு வந்த பிறகு ஒருவர் சொல்லி, வக்கீலின் விதவை ஒருவர் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தேன். சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். ஒரு முட்டை பொரிக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, "தெரியாது. நல்லது, பிழையாப் பழகின கை இல்லை" என்றார். செல்வராசா என்ற பெயர் அவருக்கு வாயில் வரவில்லை. அன்றே நான் சால்வோ ஆனேன். ஓய்வு பெறும்வரை அந்த வீட்டில் சால்வோதான்.

சிஞ்ஞோரா, வீட்டுக்கார அம்மாவை அப்படித்தான் அழைப்பேன், கத்தமாட்டார். எதையும் ஒரு தடவைதான் சொல்லுவார். கை நடுங்கத் தொடங்கிய நாளிலிருந்து சமையலறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை என்று முன்பு வேலை செய்தவள் சொல்லியிருந்தாள். வாசலில் ஒரு கதிரை, கையில் பொல்லு, தோளில் கறுப்புச் சால்வை. அங்கிருந்தபடியே என்னை வேலை வாங்கினார். பலெர்மோ குளிரை வெயில் காலத்தில் வந்து போகிறவர்கள் நம்பமாட்டார்கள். வெளியே அவ்வளவு குளிர் இருக்காது. பளிங்குத் தரை போட்ட பழைய வீடுகளுக்குள்தான் ஈரக் குளிர் நின்று கொல்லும். அந்தக் குளிருக்கு அவர் வைத்திருந்த ஒரே மருந்து புறோடோ. இறைச்சியும் எலும்பும் போட்டு மணிக்கணக்கில் அடுப்பில் வைத்து எடுக்கும் தெளிந்த சாறு.

சுபா, உனக்காகவும் சொல்லுகிறேன், கேட்டுக்கொள். இறைச்சியைப் பச்சைத் தண்ணீரில் போடு. சுடு தண்ணீரில் போட்டால் ருசி உள்ளேயே நின்றுவிடும். மாட்டு நெஞ்செலும்பு ஒரு துண்டு, முட்டையிட்டு ஓய்ந்த கோழி பாதி. அடுப்பைச் சின்னதாக வை. சாம்பல் நிறத்தில் நுரை வரும். அதை அள்ளு. திரும்ப வரும், திரும்ப அள்ளு. நுரை நிற்கும்வரை வேறெதுவும் போடாதே. பிறகு செலரித் தண்டு, கரட், தோல் உரிக்காத வெங்காயம், ஒரு சின்னத் தக்காளி. அதற்குப் பிறகு அது கொதிக்கக்கூடாது. சட்டியின் ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு குமிழ் வரவேண்டும், உடைய வேண்டும், அடுத்தது வரவேண்டும். நடு அறையில் இருந்தபடியே சிஞ்ஞோராவுக்கு அது கேட்கும். "சால்வோ, அது கத்துது" என்பார். ஓடிப்போய்ப் பார்த்தால் உண்மையாகவே கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சட்டியை அவர் மேசைக்கு வரவிடமாட்டார். முதல் மாரியில் எத்தனையோ சட்டியை நானே குடித்துத் தீர்த்தேன். மிளகாய் இல்லை, புளி இல்லை, நோயாளிக்குக் கொடுப்பது போல இருந்தது. அடுத்த மாரியில் எனக்கே அது இல்லாமல் முடியவில்லை.

மார்கழி பதின்மூன்றாம் தேதி சாந்த லூச்சியா என்ற புனிதையின் பெருநாள். அன்று பலெர்மோவில் பாணும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். சோற்று உருண்டை பொரித்துச் சாப்பிடுவார்கள், கோதுமையை ஊறவைத்து அவித்து இனிப்பாகச் சாப்பிடுவார்கள். எனக்கு அது யார் சொல்லித் தந்தது? எப்போதும் போலப் பாணை வெட்டி மேசையில் வைத்துவிட்டேன். சிஞ்ஞோரா அந்தத் தட்டைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வெள்ளிக்கிழமை விரதக்காரியின் இலையில் மீன் துண்டை வைத்துவிட்டது போல இருந்தது. எழுந்து, பாணைத் துணியில் சுற்றி, வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகச் சொன்னார். திரும்பி வந்து, எங்களுக்கும் விரதம் உண்டு சிஞ்ஞோரா என்றேன். அவருடைய முகம் மாறியது. இருக்கச் சொன்னார். என்ன நாள், என்ன தின்னக்கூடாது, ஏன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

அன்றிலிருந்து அது எங்கள் இருவருக்கும் பொழுதுபோக்கானது. ஒரு நாள் அவர் கூன்சுலு பற்றிச் சொன்னார். சாவு நடந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்களாம். அயலவர்கள் தங்கள் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்து, சாப்பிடமாட்டேன் என்கிறவர்களை வற்புறுத்திச் சாப்பிட வைப்பார்களாம். முதலில் வருவது புறோடோவாம். எங்கள் ஊரிலும் செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, சாப்பாடு வெளியிலிருந்துதான் வரும் என்றேன். "அப்ப நாங்கள் ஒரே சனம்" என்றார். அதே பேச்சில்தான், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒன்று என்றேன். எங்கே என்று கேட்டார். சண்டையில் போய்விட்டான், உடல் கிடைக்கவில்லை என்றேன். இத்தாலிய மொழியில் சொல்லும்போது அது ஏனோ வாயிலிருந்து வந்துவிடுகிறது. தமிழில் ஒரு நாளும் சொன்னதில்லை.

அவருடைய மகன் பியெரோ, நகரின் பழைய பகுதியான கால்சாவில், மாளிகையொன்றைத் திருத்திய வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தாயிடம் வருவார். வரும்போதே படியில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சால்வோ, கத்தினதோ கத்தேல்லையோ?" என்று கேட்பார். நல்ல மனிதன். நத்தாருக்குச் செய்யும் அத்திப்பழ ரொட்டிக்காக நான் உலர்ந்த அத்தியை வெட்டிக்கொண்டிருந்த ஒரு காலை, தொலைபேசி வந்தது. நெஞ்சு நோகிறது என்று சொன்னவர், ஆம்புலன்ஸ் வரமுன்பே போய்விட்டார். குழைத்த மா சட்டியிலேயே பொங்கி வழிந்து கிடந்தது. அதை எறிந்தது யாரென்றுகூட எனக்கு நினைவில்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் சிஞ்ஞோரா சால்வையைக் கழற்றவில்லை. நேராகச் சமையலறைக்குள் போனார். அவர் அந்த வாசல் நிலையைத் தாண்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குனிந்து, காஸ் குழாயின் பிடியைத் திருகி மூடினார்.

"இதை நீயும் திறக்கப்படாது, நானும் திறக்கன்" என்றார். "ஆரும் கொண்டு வருவினம்."

ஒருவரும் வரவில்லை.

ஆட்கள் இல்லாமலில்லை. கீழே பல் வைத்தியரின் கிளினிக், அதற்கு மேலே சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் அறைகள், எதிரே வக்கீல்களின் அலுவலகம். படியில் கண்டவர்கள் எல்லோரும் கையைப் பிடித்துக் கவலை சொன்னார்கள். பூ வந்தது. பெட்டி பெட்டியாகப் பனெத்தோனே கேக் வந்தது, கூரியர்காரன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். மைத்துனி ஒருவர் கடையில் சொல்லித் தட்டுத் தட்டாகச் சாப்பாடு அனுப்பினார். சிஞ்ஞோரா அதன் மூடியைத் திறக்கவில்லை.

"எந்த வீட்டிலை சமைச்சது?"

"கடையிலை, சிஞ்ஞோரா."

"அப்ப அது யாவாரம்" என்றார்.

அவருக்கு நீரிழிவு. குளிசையை வெறும் வயிற்றில் போடக்கூடாது, போடாமலும் விடக்கூடாது. தண்ணீரும், நான் வெளியே வாங்கி வரும் கோப்பியும்தான் உள்ளே போனது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில்தான் நத்தார் என்றார். கன்னம் உள்ளே போய், வாய் வறண்டு, கூப்பிட்டால் நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தார். தோரினோவிலிருந்து வந்திருந்த மகள் கார்லா சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சால்வோ, அடுப்பை மூட்டு. நான் சொல்லுறன்."

"அம்மா வேண்டாம் எண்டவ."

"அம்மா செத்துப் போனால்? இது பழைய காலத்துக் கிராமத்துப் பழக்கம். இந்தக் கட்டிடத்திலை ஆர் இனிச் சட்டி தூக்கிக்கொண்டு வரப்போகினம்?"

"எனக்குத் தெரியும். எண்டாலும் மூட்டன்."

கார்லா என் மீது கோபப்பட்டு, பிறகு கதிரையில் இருந்து அழுதார். அவரிலும் பிழை இல்லை. எனக்கு அந்தக் கட்டிடத்தின் மீதே கோபம் வந்தது. இத்தனை கதவுகள், ஒரு கதவுக்குப் பின்னாலும் ஒரு சட்டி இல்லை. நான் கொண்டுவருவேன் என்று சிஞ்ஞோரா எதிர்பார்க்கவில்லை என்பதும் எனக்கு விளங்கியது. நான் அந்த வீட்டு ஆள். செத்த வீட்டு ஆளின் கையால் வருவது எப்படிக் கூன்சுலு ஆகும்? ஆனால் எனக்கும் ஒரு வீடு இருந்தது, அதில் ஓர் அடுப்பு இருந்தது. ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால், மழை பெய்தால் சுவர் வியர்க்கும் ஒரு வீடு.

போகிற வழியில் கோழியும் எலும்பும் வாங்கிக்கொண்டு போனேன். யோகம் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை முடிந்து வந்து, கால் நீட்டி இருந்தாள்.

"ஆருக்கு இது?"

"சிஞ்ஞோராவுக்கு. செத்த வீட்டுக்கு ஒருத்தரும் ஒண்டும் குடுக்கேல்லை."

"ஒருத்தருமோ?"

"ஒருத்தரும்."

அவள் எழுந்து என் கையிலிருந்த கத்தியை வாங்கினாள். "தள்ளுங்கோ. நீங்கள் அந்த வீட்டிலை நிக்கிற ஆள். நீங்கள் சமைக்கப்படாது" என்றாள். நான் யோசித்ததையே அவளும் யோசித்தாள். நுரை அள்ளவேண்டும், கொதிக்கக்கூடாது என்று பக்கத்தில் நின்று சொன்னேன். தலையாட்டிக்கொண்டு கொதிக்கவிட்டாள். மிளகும் சீரகமும் உள்ளியும் இடித்துப் போட்டாள். "பிள்ளையைப் பறிகுடுத்த மனிசி, உடம்பிலை சூடு ஏறவேணும்" என்றாள். அது புறோடோவும் இல்லை, ரசமும் இல்லை. தூக்குவாளியில் ஊற்றி, துவாயால் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தேன்.

சிஞ்ஞோராவின் முன்னால் கோப்பையை வைத்தேன். "எந்த வீட்டிலை?" என்றார். "என்ரை வீட்டிலை. என்ரை மனிசி சமைச்சது." சட்டி கத்தினால் கண்டுபிடிக்கிற மனிதர், அது எவ்வளவு கத்தியிருக்கும் என்று அறியாமல் இருந்திருக்கமாட்டார். என்றாலும் கரண்டியை எடுத்தார். முதல் கரண்டிக்கு இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதோடு நிற்கவில்லை, அழத் தொடங்கினார். அடக்கத்தில்கூட அழாதவர். அழுதுகொண்டே குடித்து முடித்தார். கார்லா கதவோரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்: "உன்ரை வீட்டுக்கு ஆர் கொண்டு வந்தது, சால்வோ? உன்ரை மகன் போனபோது?"

"ஒருத்தரும் இல்லை, சிஞ்ஞோரா. எங்களுக்கு வீடும் இல்லை, அடுப்பும் இல்லை. கொண்டு வாற ஆக்களும் ஓடிக்கொண்டிருந்தவை."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அது பிழை என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

நத்தாரன்றும் யோகத்தின் வாளிதான். அத்தனை வருடமாக விருந்து பரிமாறிய பெரிய மேசையின் ஒரு மூலையில் தாயும் மகளும் அதைக் குடித்தார்கள். பொரியல் மணம் இல்லை, அத்திப்பழ ரொட்டி இல்லை. தெருவில் பிள்ளைகள் வெடி கொளுத்தும் சத்தம் மட்டும் வந்தது. வருடம் பிறந்ததும் கார்லா தோரினோவுக்குத் திரும்பினார். அடுத்த நாள் நான் வேலைக்குப் போனபோது காஸ் குழாய் திறந்திருந்தது. "இனிச் சமைக்கலாம்" என்றார் சிஞ்ஞோரா. பெபானாக் கிழவி பிள்ளைகளுக்கு இனிப்புக் கொண்டு வரும் எபிபானியா பெருநாளுக்கு எனக்கு விடுமுறை தந்து வீட்டுக்கு அனுப்பினார்.

அந்தப் பெருநாளன்று மதியம், மழைக்குள், எங்கள் வீட்டுக் கதவில் யாரோ பொல்லால் தட்டினார்கள். திறந்தால் சிஞ்ஞோரா. மூச்சு வாங்கிக்கொண்டு, மார்போடு அணைத்தபடி ஒரு சட்டி. கறுப்புச் சால்வையைத் தோளிலிருந்து எடுத்துச் சட்டிக்குச் சுற்றியிருந்தார். டாக்ஸிக்காரன் தூக்கித் தர வந்தானாம், விடவில்லையாம். அந்தப் படிகளில் அவர் எப்படி ஏறினார் என்று எனக்குத் தெரியாது. நடுங்கும் கையால் அவரே சமைத்திருந்தார்.

யோகம் ஓடிவந்து சட்டியை வாங்கி மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்தாள். புறோடோ. அவளுடைய முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. "என்னத்துக்கு இவ்வளவு கரைச்சல் பட்டவ?" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. சிஞ்ஞோரா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, மெதுவாக, வெளிநாட்டவளுக்கு விளங்கும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"உங்கடை மகனுக்காக. அந்த நேரம் ஒருத்தரும் கொண்டு வரேல்லையாம். நான் பிந்தி வந்திட்டன். மன்னியுங்கோ."

யோகத்துக்கு அவ்வளவு இத்தாலியன் தெரியும். கையை மெல்ல உருவிக்கொண்டாள். என்னைப் பார்க்காமல், சட்டியைப் பார்த்தபடி சொன்னாள்.

"இஞ்சை ஒருத்தரும் சாகேல்லை எண்டு சொல்லுங்கோ."

சிஞ்ஞோரா என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்லுறா?"

"உங்களை இருக்கச் சொல்லுறா" என்றேன்.

சிஞ்ஞோரா இருந்தார். வேறு ஆள் என்றால் யோகம் அந்தச் சட்டியைப் படியில் கவிழ்த்திருப்பாள், எனக்குத் தெரியும். இவர் பிள்ளையைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகாத தாய். அவள் சட்டியை அடுப்பில் வைத்துச் சூடாக்கினாள். ஒரேயொரு கோப்பையை எடுத்துக் கழுவித் துடைத்தாள், நிரப்பினாள், சிஞ்ஞோராவின் முன்னால் வைத்தாள். தனக்குத் தெரிந்த இத்தாலியனில், "நீங்கள் குடியுங்கோ. இது உங்களுக்கு" என்றாள்.

சிஞ்ஞோரா கரண்டியைத் தொடவில்லை. கொண்டுவந்தவர் முதலில் குடிப்பது முறையில்லை. அவருடைய மங்கிய கண்கள் யோகத்திடம் போய், அங்கே ஒன்றும் கிடைக்காமல் என்னிடம் வந்து நின்றன. கோப்பையை என் பக்கமாகத் தள்ளினார். தள்ளியதில் கொஞ்சம் மேசையில் சிந்தியது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். இப்போதுதான் சாப்பிட்டேன் என்றிருக்கலாம். ஆனால் அந்தச் சூட்டின் ஆவி முகத்தில் பட்டபோது, இத்தனை வருடமாக யாராவது இதைக் கொண்டுவந்து தரமாட்டார்களா என்று நான் காத்திருந்தது எனக்கே தெரியவந்தது. கதிரையை இழுத்து இருந்தேன். கரண்டியை எடுத்தேன். உப்புக் குறைவு, கரட் துண்டுகள் சின்னதும் பெரிதுமாக இருந்தன. நிறுத்தாமல் குடித்தேன்.

யோகம் அடுப்படியில் அகப்பையோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, நீங்கள் அவனை விட்டிட்டியள்" என்றாள்.

நான் கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தேன்.